9,000 வெள்ளித் தகராறு, 20 மாதச் செலவு

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூரில் செனோக்கோ வட்டாரத்தில் சிறிய சமையல்கூடம் வைத்து ஊழியர் விடுதிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போடுகிறோம். ஆண்டு விற்பனை 700,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கும். எல்லாச் செலவும் போக 8 சதவீதம் கையில் நின்றால் பெரிது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டுமானக் கான்டிராக்டர் ஒருவருக்கு, சுங்கை காடுட் விடுதியில் உள்ள அவருடைய 120 ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தோம். பொட்டலம் 3 வெள்ளி. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் பணம் தந்தார். அடுத்த மூன்று பில், மொத்தம் 27,600 வெள்ளி, நின்றுவிட்டது. அதில் முதல் பில்லுக்குப் பணம் வரவேண்டிய நாள் தாண்டி 20 மாதம் ஆகிறது. "சாம்பார் புளித்துப்போச்சு, ஆட்கள் வெளியே வாங்கிச் சாப்பிட்டாங்க, 9,000 கழிப்பேன்" என்று முதலில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். அப்புறம் "மெயின் கான்டிராக்டர் எனக்கே தரவில்லை" என்றார். விடியற்காலை 5 மணிக்கே கொண்டு வரச் சொன்னதும் அவர்தான். கோவிலில் பழக்கமான பெரியவர் ஒருவர் இரண்டு முறை பேசிப் பார்த்தார். "அடுத்த மாதம்" என்றதோடு சரி.

பணம் நின்றதிலிருந்து கிரெடிட் கார்டில் 10,000 வெள்ளி ஏறி அப்படியே நிற்கிறது. மொத்த வியாபாரியிடம் மாதம் 12,000 வெள்ளிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறோம். ரொக்கத்துக்கு அவர் தந்த 2 சதவீதத் தள்ளுபடியும் இப்போது இல்லை, கடனுக்குத்தான் எடுக்கிறோம். போன தீபாவளிக்கு வந்த 30,000 வெள்ளி ஆர்டரைக் கையில் காசில்லாமல் விட்டுவிட்டோம். கணவர் வெள்ளிக்கிழமைதோறும் கான்டிராக்டரின் துவாஸ் சைட்டுக்குப் போய்ப் பணம் கேட்டு அரை நாள் நிற்கிறார். தம்பி, ஃபேஸ்புக்கில் பெயரைப் போடச் சொல்கிறான். கணவரோ விட்டுத் தள்ளு என்கிறார். அந்தக் கான்டிராக்டரை அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுகிறேன், கோர்ட்டுக்கு இழுக்க மனம் வரவில்லை. வாங்கினால் 27,600-ஐ முழுதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தலைமுழுக வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். சட்டம் பற்றி நான் சொல்வது ஒரு கணக்காளர் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்குத்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்கவேண்டியது சட்டத்தை அல்ல, கணக்கை.

முழுதாக வாங்குவது, தலைமுழுகுவது என்று இரண்டே வழி சொல்கிறீர்கள். இந்த 20 மாதமாக நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது வழியில், எதையும் முடிவு செய்யாமல் காத்திருக்கும் வழியில், போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்த வழிக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பதால் இலவசம் போலத் தெரிகிறது.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். கிரெடிட் கார்டு வட்டி இங்கே ஆண்டுக்கு 27 சதவீதம் அளவில் இருக்கிறது. 10,000 வெள்ளிக்கு மாதம் 225 வெள்ளி. 12,000 வெள்ளிக் கொள்முதலில் போன 2 சதவீதத் தள்ளுபடி மாதம் 240 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 465. இருபது மாதத்துக்கு 9,300 வெள்ளி.

இந்தத் தொகையைக் கொஞ்சம் பாருங்கள். அண்ணன் கழிப்பேன் என்று சொன்னது 9,000. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நின்றதில் அதைவிட 300 வெள்ளி அதிகமாகவே வங்கிக்கும் மொத்த வியாபாரிக்கும் போய்விட்டது. தீபாவளி ஆர்டரில் வழக்கமான 8 சதவீதம் என்று வைத்தாலும் 2,400 போயிற்று. விழாக்கால ஆர்டரில் லாபம் பொதுவாகக் கூடுதல் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம் இருக்கும். உங்கள் கணவர் வாரம் அரை நாள் துவாஸில் நிற்பது மாதம் இரண்டு வேலை நாள், இதுவரை சுமார் 40 நாள். அதற்கு நான் விலை போடவில்லை. சமையல்கூடத்தில் அவர் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் என்னென்ன தவறியது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கு, உங்கள் கணவருக்காக. விட்டுத் தள்ளு என்று அவர் அலுப்பில் சொல்கிறார், புரிகிறது. 8 சதவீத லாபத்தில் தொழில் செய்பவர் 27,600 வெள்ளியை இழந்தால், அதைத் திரும்பச் சம்பாதிக்க 345,000 வெள்ளிக்கு விற்க வேண்டும். பொட்டலம் 3 வெள்ளி என்றால் 115,000 பொட்டலம். கிட்டத்தட்ட ஆறு மாத விற்பனை. அவ்வளவு சோறு வடித்து, கட்டி, வேனில் ஏற்றி இறக்கினால் பழைய இடத்துக்கு வந்து நிற்பீர்கள். அதனால் தலைமுழுகுவது வேண்டாம்.

அண்ணனை மட்டும் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. மெயின் கான்டிராக்டர் அவருக்குத் தரவில்லை, அவர் உங்களுக்குத் தரவில்லை, நீங்கள் மொத்த வியாபாரிக்குத் தாமதிக்கிறீர்கள். இந்த நாட்டு நிறுவனங்களில் 99 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் அவற்றில்தான் இருக்கிறார்கள். மேலே எங்கோ தீராத ஒரு தகராறு இப்படிப் படிப்படியாக இறங்கி அரிசிக் கடை வரை வரும். கடைசியில் நிற்பவருக்குத் தகராறு எதைப் பற்றி என்றுகூடத் தெரிந்திருக்காது.

சரி, இப்போது அவர் சொல்லும் இரண்டு காரணங்களையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

"மெயின் கான்டிராக்டர் தரவில்லை" என்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாத காரணம். அவருக்குப் பணம் வந்தபின் தந்தால் போதும் என்று நீங்கள் எங்கும் ஒப்புக்கொள்ளாதவரை, உங்கள் பில்லுக்கு அது பதிலாகாது. சொல்லப்போனால் அவருக்கே ஒரு வழி இருக்கிறது, அவருக்குத் தெரியுமோ என்னவோ. கட்டுமானத் துறையில் பணம் கிடைப்பதை உறுதிசெய்ய இங்கே 2004-இல் இயற்றி 2005-இல் நடப்புக்கு வந்த தனிச் சட்டம் உண்டு. மேலே இருப்பவர் தந்தால்தான் கீழே தருவேன் என்ற நிபந்தனையை அந்தச் சட்டம் கட்டுமான ஒப்பந்தங்களில் செல்லாதது ஆக்கியது. முறைப்படி பணக் கோரிக்கை அனுப்பியும் வராவிட்டால் சிங்கப்பூர் சமரச நிலையத்தின் வழியாகத் தீர்ப்பாளரிடம் போகலாம். ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் வாரக்கணக்கில் முடிவு சொல்வதற்காகவே அமைத்த ஏற்பாடு அது. கெடுக்கள் கடுமையானவை, அவர் விசாரித்துத்தான் செய்ய வேண்டும். சாப்பாடு போட்ட உங்களுக்கு அந்தச் சட்டம் உதவாது. ஆனால் "அண்ணன், உங்கள் பணத்தை வாங்க வழி இருக்கிறது" என்று சொன்னால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

புளித்த சாம்பார் விஷயம் வேறு. இதில் உங்கள் பக்கம் முழுக்க நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சமைத்த சாப்பாட்டை வெளியில் வைத்தால் 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது உங்களைப் போன்ற உரிமம் பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. காலை 5 மணிக்கு இறக்கிய சாம்பாரை ஆட்கள் வெயிலில் வைத்து 12 மணிக்குத் திறந்தால் என்ன ஆகும்? 5 மணிக்குக் கொண்டு வரச் சொன்னது அவர், அது உங்களுக்குச் சாதகம். அப்படிக் கொண்டுபோனால் கெட்டுவிடும் என்று தெரிந்தும் தினமும் சாம்பார் வைத்தீர்களே என்று யாராவது கேட்டால், அது அவருக்குச் சாதகம். எந்தெந்த நாள் புகார் வந்தது, அன்று நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், பொட்டலத்தில் நேரம் ஒட்டியிருந்ததா என்று தேடி எடுங்கள். மூன்று மாதத்தில் ஐந்தாறு நாள்தான் புகார் என்றால் 9,000 ரொம்ப அதிகம். ஒரு நாளைக்கு உங்கள் பில்லே 360 வெள்ளிதானே.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். "9,000 கழிப்பேன்" என்று ஒருவர் சொன்னால், மீதியைத் தரவேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டதாகத்தான் ஆகிறது. அதாவது 18,600 வெள்ளியைப் பற்றி உங்கள் இருவருக்கும் தகராறே இல்லை. தகராறு இருக்கும் 9,000, தகராறு இல்லாத 18,600-ஐயும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் குரல் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியை மாற்றும் முன் வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவசரமான விஷயம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்ளும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. ஆனால் பணம் வரவேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2019 நவம்பருக்கு முன்பு இது ஒரே ஆண்டுதான், வரம்பும் பாதிதான். ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டு கெடு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது மற்ற நீதிமன்றங்களுக்கு. உங்கள் முதல் பில்லுக்கு 20 மாதம் முடிந்துவிட்டது. நான்கு மாதம்தான் மிச்சம். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கெடு ஓடுகிறது. இன்னும் நான்கு "அடுத்த மாதம்" கேட்டால் எல்லையில் போய் நிற்பீர்கள்.

வக்கீலுக்கே பாதி போய்விடும் என்ற பயம் இங்கே வேண்டாம், இந்த மன்றத்தில் வக்கீல் வாதாட அனுமதியே இல்லை. நீங்களோ கணவரோ நேரில் பேசலாம், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். நிறுவனம் பதிவு செய்யும் கோரிக்கைக்கு 5,000 வெள்ளி வரை 50 வெள்ளி, 10,000 வரை 100 வெள்ளி, அதற்கு மேல் தொகையில் 3 சதவீதம் கட்டணம். 20,000 வெள்ளிக்கு 600 வெள்ளி. ஒன்றரை மாதம் சும்மா காத்திருக்க ஆகும் செலவைவிடக் குறைவு.

உங்கள் நிலுவை 27,600 என்பதால் 7,600 இடிக்கும். மூன்று பில்லையும் மூன்று கோரிக்கையாகப் போடலாமே என்று தம்பி கேட்பார். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரு கோரிக்கையைத் துண்டு போடச் சட்டம் விடாது. 60,000 வரை எடுக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனால் அங்கே வக்கீல் செலவு ஆயிரக்கணக்கில் வரும், ஜெயித்தாலும் அதில் ஒரு பகுதிதான் திரும்பும். என்னைக் கேட்டால், 20,000-க்கு மேல் உள்ளதைக் கைவிட்டுச் சிறு கோரிக்கை மன்றத்துக்கே போங்கள். கைவிடும் 7,600-ஐத் தகராறில் உள்ள 9,000-இலிருந்துதான் கைவிடுகிறேன் என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் 20,000-இலிருந்து இன்னொரு 9,000 கழிக்க அவர் வாதாடுவார். மனு அனுப்பும் முன் இந்த ஒரு வரியை மட்டும் யாராவது வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

7,600 போகிறதே என்று வயிறு எரியும். எரியட்டும், ஆனால் அது புதிய இழப்பு இல்லை. 27,600 முழுவதும் வரும் என்பது இந்த 20 மாதமும் காகிதத்தில் இருந்த நம்பிக்கை மட்டுமே.

பதிவு செய்தால் உறவு முறிந்துவிடும் என்று தயங்குகிறீர்கள். அந்த மன்றத்தில் முதல் நாளே தீர்ப்பு சொல்வதில்லை. முதலில் பதிவாளர் முன்னால் இருவரையும் உட்காரவைத்துப் பேச வைப்பார்கள். அதற்கும் முன்பே இணையம் வழியாக ஒருவருக்கொருவர் தொகை சொல்லிப் பேரம் பேச அவர்களுடைய தளத்திலேயே வசதி உண்டு. கோவில் பெரியவர் செய்ததும் இதுதான். இரண்டுக்கும் வித்தியாசம், இங்கே ஒத்துக்கொண்டதை உத்தரவாக எழுதிக்கொள்கிறார்கள். சமரச ஒப்பந்தங்களை எல்லை தாண்டி நிறைவேற்ற வைக்கும் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்றே சிங்கப்பூர் பெயரில் இருக்கிறது, 2019 ஆகஸ்டில் முதல் நாளிலேயே 46 நாடுகள் கையெழுத்திட்டன. நம் ஆட்கள் மட்டும் இன்னும் "வாய் வார்த்தை போதும்" என்கிறோம். பெரியவரையும் விட்டுவிட வேண்டாம். அண்ணனை அந்த நாளில் வரவைக்க அவரால்தான் முடியும்.

சில பேர் சமூக சமரச நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். அது அண்டை வீட்டுச் சண்டை, குடும்பப் பிணக்கு போன்றவற்றுக்கு. வியாபாரக் கடனுக்கு அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எவ்வளவுக்கு இறங்கலாம்? 18,600-க்குக் கீழே போகாதீர்கள், அது அவரே ஒத்துக்கொண்டது. பதிவு செய்யும் முன்பே 22,000-க்கு அவர் வந்தால் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் 20,000 என்றாலும், பாதியை உடனே பேநவ் (PayNow) வங்கிப் பரிமாற்றத்தில் போட்டு மீதியை மூன்று மாதத் தவணையில் தருவதாக இருந்தால் நான் ஒத்துக்கொள்வேன். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தரவேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். 23,000 வெள்ளியை ஒன்றரை ஆண்டில் தருகிறேன் என்றால் வேண்டாம். மாதம் 465 வெள்ளி வீதம் கழித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். வரும் முதல் 10,000-ஐக் கிரெடிட் கார்டுக்கே கட்டிவிடுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள்.

பதிவு செய்யும் முன், நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆக்ரா (ACRA) அமைப்பின் தளத்தில் அவர் நிறுவனத்தின் விவரத்தைச் சில வெள்ளி கட்டி எடுத்துப் பாருங்கள். தனி உரிமையாளரா, பிரைவேட் லிமிடெட்டா என்பது முக்கியம். பிரைவேட் லிமிடெட் என்றால் கடன் நிறுவனத்துடையது, பொதுவாக அவருடைய சொந்தச் சொத்தைத் தொட முடியாது. நிறுவனத்தைப் பதிவிலிருந்து நீக்க விண்ணப்பித்திருந்தால் கடன் கொடுத்தவர் என்ற முறையில் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்கும் கெடு உண்டு. உத்தரவு கிடைத்தும் அவர் தராவிட்டால் நிறைவேற்ற உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு ஆகும். ஆனால் மெயின் கான்டிராக்டர் அவருக்குத் தரவேண்டிய பணத்தையே பிடித்து உங்களுக்குத் திருப்பும் வழியும் அதில் இருக்கிறது. "எனக்கே வரவில்லை" என்று அவர் சொன்னது அப்போது உங்களுக்கு உதவும் தகவல்.

ஃபேஸ்புக் வேண்டாம். அவர் பெயரையும் படத்தையும் போட்டுத் திட்டினால் துன்புறுத்தல் என்றோ அவதூறு என்றோ அவர் உங்கள் மேல் புகார் கொடுக்க வழி திறந்துவிடும். இப்போது பணம் கேட்பவர் நீங்கள், அந்த இடத்தை இழக்காதீர்கள்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. ஊர்க்காரர் என்று பார்த்து மனமிரங்கி விட்டுவிட்டால், அதை வாராக் கடன் என்று கழிக்க உள்நாட்டு வருவாய் ஆணையம் எளிதில் விடாது. வசூலிக்க முயன்றதற்கும் அது வராது என்பதற்கும் காகிதம் வேண்டும். உங்கள் விற்பனை ஒரு மில்லியனுக்குக் கீழே இருப்பதால் பொருள் சேவை வரிப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்திருக்கும் மற்ற வாசகர்கள், 12 மாதம் தாண்டிய நிலுவையில் ஏற்கெனவே கட்டிய 9 சதவீதத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்று தங்கள் கணக்காளரிடம் கேட்டுப்பாருங்கள். கேட்காமலே விட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு இந்த வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று தயங்குவீர்கள் என்பதால் நானே எழுதித் தருகிறேன்:

"அண்ணன், வணக்கம். மூன்று பில்லும் சேர்த்து 27,600 வெள்ளி நிலுவை இருக்கிறது. 9,000 கழிப்பேன் என்று சொன்னீர்கள், அது பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்கத் தயாராக இருக்கிறேன். மீதி 18,600-ஐ எந்தத் தேதியில் தருவீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள். கெடு நெருங்குவதால் திங்கட்கிழமை சிறு கோரிக்கை மன்றத்தில் பதிவு செய்கிறேன். அதற்குப் பிறகும் நாம் பேசலாம், அங்கேயே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வோம்."

9,000-இல் எவ்வளவு விடுவேன் என்ற எண்ணை இதில் சேர்க்காதீர்கள். அது நேரில் பேசும்போது. அவர் வெள்ளிக்கிழமை நல்ல பதில் அனுப்பினாலும் திங்கட்கிழமை பதிவு செய்துவிடுங்கள், பணம் வந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதற்குள் மூன்று பில், அவர் ஆட்கள் கையெழுத்துப் போட்ட டெலிவரி ஆர்டர்கள், முதல் இரண்டு மாதம் அவர் பணம் போட்ட வங்கிக் கணக்குத் தாள், 5 மணிக்குக் கொண்டு வரச் சொன்ன செய்தி, புகார் வந்த நாட்களின் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். தமிழ்க் குரல் பதிவுகளை எழுத்தில் எடுத்து ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டியிருக்கும், அதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். கணவர் இந்த வெள்ளிக்கிழமை துவாஸுக்குப் போக வேண்டாம்.